பட்டாசு ஆலையில் தனித்தனி ரூம்... வீட்டு கம்ப்யூட்டரில் மட்டும் எல்லாம் ஒரே ரூமா?

தீபாவளிக்கு ஊருக்கு வரும் ஐ.டி. பிள்ளைகளுக்கு சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பக்கம் ஒரு கட்டாய வேலை உண்டு. எண்ணெய் தேய்த்துக் குளித்து, நாலு இட்லி சாப்பிட்டு முடிப்பதற்குள் சித்தப்பாவோ மாமாவோ ஆரம்பித்துவிடுவார்: "ஏம்ப்பா, நம்ம சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு. என்னன்னு கொஞ்சம் பாரேன்."

நானும் பத்து வருஷமா பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். போன தீபாவளி கொஞ்சம் வித்தியாசமாக இருந்தது. 2025-ல் தீபாவளி அக்டோபர் 20. அதற்கு ஆறு நாள் முன்பு, அக்டோபர் 14 அன்று, விண்டோஸ் 10-க்கு இலவச பாதுகாப்பு அப்டேட் தருவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. 2015 ஜூலை 29-ல் வந்த விண்டோஸ் அது. எங்கள் சொந்தக்காரர்கள் வீடுகளில் நான் அன்று உட்கார்ந்து பார்த்த சிஸ்டம்களில் பெரும்பாலானவை அதில்தான் ஓடிக்கொண்டிருந்தன. "ஆமாப்பா, நீலக் கலர்ல ஏதோ மெசேஜ் வந்துச்சு, க்ளோஸ் பண்ணிட்டேன்" என்பதுதான் எல்லோரும் சொன்ன பதில்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வீட்டு கம்ப்யூட்டர்தானே, போனால் நாலு போட்டோ போகும். சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் ஒரு வீட்டுக்கு அது சரியாக இருக்கலாம். எங்கள் பக்கம் கணக்கு வேறு. பகலில் அப்பா அதில் டாலி திறந்து பில் போடுவார், ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்கு ஆடிட்டருக்கு ஃபைல் அனுப்புவார். சாயங்காலம் அக்கா அதே மெஷினில் கோரல்டிராவைத் திறந்து காலண்டருக்கு ஜாப் ஒர்க் டிசைன் பண்ணுவார். ராத்திரி தம்பி கேம் டவுன்லோட் போடுவான். வேலையும் வீடும் இப்படி ஒரே மேஜையில் கிடக்கிற ஊர் இது. கம்ப்யூட்டர் போனால் அந்த மாத வருமானம் போகும்.

அப்படிப் போன ஒரு வீட்டுக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சித்தப்பா ஒருவர் வீட்டிலேயே டி.டி.பி. வைத்து பிரஸ்களுக்கு டிசைன் செய்து கொடுப்பவர். சிவகாசியில் காலண்டர் சீசன் ஆடிப்பெருக்கு அன்று ஆரம்பிக்கும். அடுத்த வருஷத்துக்கான ஆல்பத்தை அன்றுதான் வெளியிடுவார்கள். பிறகு டிசம்பர் வரை தலை நிமிர முடியாது. ஜவுளிக்கடை, நகைக்கடை, சிட் ஃபண்ட் என்று ஊர் ஊராக வரும் ஆர்டர்களுக்குக் கடை பெயர், லோகோ, போன் நம்பர் எல்லாம் சேர்த்து பிரிண்டுக்குத் தயார் பண்ணித் தர வேண்டும். மூன்று வருஷம் முன்பு ஒரு நவம்பர் மாதம், புதிதாக ஒரு டிசைன் சாஃப்ட்வேர் தேவைப்பட்டது. காசு கொடுத்து வாங்குகிற வழக்கம் நம்மிடம் எங்கே? யூடியூப் வீடியோவுக்குக் கீழே இருந்த லிங்கில் 'கிராக்' இறக்கினார். வீடியோவில் சொன்னபடியே டிஃபெண்டரை ஆஃப் செய்தார், இன்ஸ்டால் கொடுத்தார். உடனே திரையில் விண்டோஸ் அப்டேட் ஓடுகிற மாதிரி ஒரு விண்டோ வந்தது. "அப்டேட் போகுது, ஆஃப் பண்ணக் கூடாது" என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது எல்லா ஃபைல்களின் பெயருக்கும் பின்னால் நாலு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'ரீட்மீ' என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல். 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி விலை, 490 டாலர். தள்ளுபடியெல்லாம் உண்டு!

இது 'ஸ்டாப்' அல்லது 'டிஜேவியூ' என்று அழைக்கப்படும் ரேன்சம்வேர் குடும்பம். கார்ப்பரேட் கம்பெனிகளைக் குறிவைப்பவர்களைப் பற்றித்தான் செய்தி வரும். டிஜேவியூ கும்பலின் இலக்கு வீட்டு கம்ப்யூட்டர்கள், அதிலும் கிராக் தேடுகிறவர்கள். போலி அப்டேட் விண்டோ காட்டிவிட்டுப் பின்னால் ஃபைல்களைப் பூட்டுவது அதன் பழக்கம். 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் பழைய வகைகளுக்கு இலவசமாகப் பூட்டுத் திறப்பான் ஒன்றை வெளியிட்டது. அந்த வருஷம் ஆகஸ்ட் கடைசியிலிருந்து வந்த வகைகளில், ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிச் சாவி போட்டுப் பூட்டியிருந்தால் திறக்க வழியில்லை. சித்தப்பா மெஷினில் இருந்தது அந்த ரகம்.

அந்த வருஷம் அவர் எத்தனை ஆர்டரைத் திருப்பி டிசைன் செய்தார், எத்தனை ராத்திரி தூங்கவில்லை, எந்த பிரஸ்காரர் அவரிடம் அடுத்த வருஷம் வேலை கொடுக்கவில்லை என்பதெல்லாம் குடும்ப விஷயம், விட்டுவிடுவோம்.

'கிராக்' என்ற இலவசம்

ஆன்டிவைரஸ் எது வாங்கலாம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். என் கருத்து, அது தேவையில்லாத கேள்வி. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே ஒரு வீட்டுக்குப் போதும். ஏவி-டெஸ்ட் போன்ற ஆய்வகங்களின் சோதனைகளில் பல வருஷமாக அது நல்ல மதிப்பெண்தான் வாங்குகிறது. கேட்க வேண்டிய கேள்வி: உங்கள் வீட்டில் டிஃபெண்டர் ஆன் ஆகியிருக்கிறதா?

கிராக் போட்ட மெஷினில் பெரும்பாலும் இருக்காது. விண்டோஸை ஆக்டிவேட் பண்ணும் கே.எம்.எஸ். வகை டூல்களானாலும், போட்டோஷாப் கிராக் ஆனாலும், முதல் கட்டளை ஒன்றுதான்: 'டிஃபெண்டரை ஆஃப் பண்ணு, இந்த ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் சேர்.' காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முன்பின் தெரியாத ஒருவர் கையில் வீட்டுச் சாவியைக் கொடுப்பது இது. உள்ளே வருவது எப்போதும் ரேன்சம்வேர் மாதிரி சத்தம் போடும் ஆள் இல்லை. சத்தமில்லாமல் பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்ட், லாகின் குக்கீ எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும் திருட்டு மென்பொருள்கள்தான் இப்போது அதிகம். 2025 மே மாதம் 'லும்மா' என்ற ஒன்றை மைக்ரோசாஃப்ட்டும் அமெரிக்க நீதித் துறையும் சேர்ந்து முடக்கினார்கள். அதற்கு முந்தைய இரண்டே மாதத்தில் 3,94,000 விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அது இருந்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. உங்கள் ஜிமெயிலுக்கு ஓ.டி.பி. வைத்திருந்தாலும், ஏற்கெனவே லாகின் ஆன குக்கீயே திருடு போனால் ஓ.டி.பி. கேட்காமலே உள்ளே போக முடியும்.

எனக்கு வயிற்றெரிச்சலான விஷயம் இன்னொன்று. பிராண்டட் லேப்டாப் வாங்கும்போது விண்டோஸுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறோம். விண்டோஸ் 8 காலத்திலிருந்து அந்த லைசென்ஸ் சாவி மதர்போர்டுக்குள்ளேயே பதிந்து வருகிறது. மெஷின் மெதுவானதும் சர்வீஸ் கடைக்குக் கொண்டு போகிறோம். அவர் "ஃபார்மேட் அடிச்சு புதுசா போட்டுடறேன் அண்ணாச்சி" என்று, வந்த ஹோம் எடிஷனை அழித்துவிட்டு கிராக் பண்ணிய ப்ரோ எடிஷனைப் போட்டுத் தருகிறார். நம்மிடம் சொல்வதும் இல்லை. காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் உள்ளேயே கிடக்க, அதன் தலைமேல் கள்ளப் பிரதி ஓடுகிறது! இப்படி மூன்று லேப்டாப்பை நானே பார்த்திருக்கிறேன்.

சரிசெய்யப் பைசா செலவில்லை. மைக்ரோசாஃப்ட் தளத்தில் 'மீடியா கிரியேஷன் டூல்' இலவசமாகக் கிடைக்கும். 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று போதும். முதலில் ஃபைல்களை வெளியே காப்பி எடுத்துவிட்டு, லேப்டாப்போடு வந்த அதே எடிஷனை இன்ஸ்டால் பண்ணுங்கள். இணையம் இணைத்ததும் அதுவே ஆக்டிவேட் ஆகிவிடும். கடையில் கொடுத்தாலும், "ஹோம் தான் போடணும், கிராக் வேண்டாம்" என்று சொல்லிக் கொடுங்கள். அசெம்பிள் பண்ணிய டெஸ்க்டாப்புக்கு இந்த வசதி கிடையாது. அங்கே லைசென்ஸ் வாங்க வேண்டும், அல்லது லினக்ஸ்.

தனித்தனி ரூம்

பட்டாசு ஆலைக்குள் போனவர்களுக்குத் தெரியும். மருந்து கலக்கும் ரூம் தனி, மருந்து செலுத்தும் ரூம் தனி, காயப்போடும் மேடை தனி, பேக்கிங் தனி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி. ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. விபத்து நடக்கவே நடக்காது என்று நம்பிப் போட்ட விதிகள் இல்லை இவை. ஒரு ரூம் போனாலும் அடுத்த ரூம் நிற்க வேண்டும் என்பதுதான் கணக்கு. 2012-ல் முதலிபட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த விபத்து உட்பட, பெரிய விபத்துகளுக்குப் பின்னால் கேட்ட முதல் கேள்வியே 'எத்தனை பேரை உள்ளே உட்கார வைத்திருந்தார்கள்' என்பதுதான். உயிர் போவதையும் ஃபைல் போவதையும் ஒரே தராசில் வைக்க முடியாது, தெரியும். ஆனால் இந்த ஒரு பாடத்தை நம் ஊரைவிட நன்றாக வேறு யாரும் படித்திருக்க முடியாது.

வீட்டு கம்ப்யூட்டரில் மட்டும் டாலி, கோரல்டிரா, நெட் பேங்கிங், தம்பியின் கேம், பெரியப்பா பையனின் பென் டிரைவ் எல்லாம் ஒரே ரூமில். அந்த ரூமுக்குப் பெயர் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கணக்கு.

செட்டிங்ஸில் 'அக்கௌண்ட்ஸ்' போய் வீட்டில் ஒவ்வொருவருக்கும் 'ஸ்டாண்டர்ட் யூசர்' கணக்கு ஒன்று உருவாக்கிவிடுங்கள். அட்மின் கணக்கு தனியாக, அதன் பாஸ்வேர்ட் ஒரே ஒருவரிடம். அப்பாவும் தினசரி வேலைக்கு ஸ்டாண்டர்ட் கணக்கில்தான் நுழைய வேண்டும். தம்பி ஏதாவது கேம் கிராக் இறக்கினால் பாஸ்வேர்ட் கேட்கும், மாட்டிக்கொள்வான். எல்லா வைரஸும் இதில் நிற்காது. தம்பி கணக்கில் அவன் ஃபைல்கள் போகலாம். அப்பாவின் டாலி ஃபோல்டருக்குள் நுழைய இன்னொரு கதவைத் திறக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். டாலி டேட்டாவை எல்லோரும் தொடக்கூடிய பொது ஃபோல்டரில் வைக்காமல் அப்பா கணக்குக்குள் நகர்த்தினால்தான் இதுவும் பலிக்கும். ஜி.எஸ்.டி.க்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்பவர்கள், வேலை முடிந்ததும் அதைக் கழற்றி வைக்க வேண்டும். வருஷம் முழுக்க யு.எஸ்.பி.யில் தொங்கவிட்டிருப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன்.

பிரித்து வைப்பதன் அருமையைச் சொல்ல நம் தென்மாவட்டத்திலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் மால்வேர் புகுந்ததை, 2019 அக்டோபர் 30-ல் இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4-ம் தேதியே செர்ட்-இன் அமைப்பு அதைக் கவனித்துச் சொல்லியிருந்தது. இணையத்தோடு இணைந்த நிர்வாக கம்ப்யூட்டர் ஒரு பக்கம், உலையோடு சம்பந்தப்பட்ட முக்கியமான உள் நெட்வொர்க் இன்னொரு பக்கம் என்று பிரித்து வைத்திருந்ததால் பாதிப்பு இந்தப் பக்கத்தோடு நின்றது என்பது கழகத்தின் விளக்கம்.

இதே கணக்கில்தான் பிரஸ்காரர்களின் ஒரு பழைய தலைவலியையும் தீர்க்க வேண்டும். அடோபி பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7, 2001-ல் வந்தது. இன்னமும் சிவகாசியில் அதில் வேலை நடக்கிறது. பத்து, இருபது வருஷத்து ஃபைல்கள், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட்கள் எல்லாம் அதில்தான். "பழசை மாத்து" என்று அவர்களிடம் சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். அதனால் நான் மாற்றச் சொல்வதில்லை. அந்த விண்டோஸ் எக்ஸ்.பி. அல்லது 7 மெஷினை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், நெட் ஒயரை மட்டும் பிடுங்கிவிடுங்கள், வைஃபையும் வேண்டாம். அதற்கென்று ஒரே ஒரு பென் டிரைவ், அதை வேறு எங்கும் செருகக் கூடாது. ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறிப் போகும் அந்தப் பழைய பென் டிரைவ் வைரஸை டி.டி.பி. கடைக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அப்டேட் போட்டா சிஸ்டம் போயிடும்?

ஊரில் உறுதியான நம்பிக்கை இது. முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் கட் ஆகிற நாளில், யு.பி.எஸ். பேட்டரி செத்துப்போன டெஸ்க்டாப்பில் அப்டேட் பாதியில் நின்றால் விண்டோஸ் எழுந்திருக்காமல் போகலாம். 2024 ஜூலை 19-ல் விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்களே, அந்தச் சம்பவத்தைச் சொல்வார்கள். சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் அன்று விழுந்தன. ஆனால் அது விண்டோஸ் அப்டேட் இல்லை. பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் கிரௌட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் கோளாறான அப்டேட். வீட்டு கம்ப்யூட்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்டேட் போடாததன் விலை வேறு. 2017 மே 12-ல் 'வான்னாகிரை' உலகம் முழுக்க அடித்தது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நின்றன, திருப்பதி தேவஸ்தானத்தின் சில அலுவலக கம்ப்யூட்டர்கள்கூடப் பூட்டிக்கொண்டன. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14-லேயே வந்துவிட்டது. 59 நாள் அவகாசம் இருந்தது. பழைய எக்ஸ்.பி.தான் காரணம் என்று அப்போது பேசினார்கள். பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7, அதாவது அன்றைக்கு அப்டேட் கிடைத்துக்கொண்டிருந்த மெஷின்கள் என்று காஸ்பர்ஸ்கியின் கணக்கு பிறகு காட்டியது.

மைக்ரோசாஃப்ட்டின் மாதாந்திர அப்டேட் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும். நமக்கு அது ராத்திரி நேரம். எனவே அதற்கு மறுநாள் புதன்கிழமை காலையில், கரண்ட் கட் இல்லாத நாளா என்று பார்த்துவிட்டு, நீங்களே 'செக் ஃபார் அப்டேட்ஸ்' கொடுத்து, ரீஸ்டார்ட் பண்ணிவிடுங்கள். பில் போடுகிற நேரத்தில் அது தானாக ரீஸ்டார்ட் ஆகும் தொல்லையும் குறையும்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் இப்போது என்ன செய்வது? 'பிசி ஹெல்த் செக்' என்ற மைக்ரோசாஃப்ட் செயலியை ஓட்டிப் பாருங்கள். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது, டி.பி.எம். 2.0, 4 ஜி.பி. ராம் இருந்தால் விண்டோஸ் 11-க்கு இலவசமாக மாறலாம். தகுதி இல்லையென்றால் 'நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்' திட்டத்தில் சேருங்கள். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே 'என்ரோல் நவ்' என்று இருக்கும். மெஷின் 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் இலவசம், இல்லாவிட்டால் 30 டாலர். இது 2026 அக்டோபர் 13 வரைதான். இந்த வருஷ தீபாவளி நவம்பர் 8. அதாவது பட்டாசு வியாபாரம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் இந்தக் கூடுதல் பாதுகாப்பும் முடிந்திருக்கும். விண்டோஸ் 11-தானே என்று நிம்மதியாக இருப்பவர்களும் ஸ்டார்ட் மெனுவில் 'வின்வெர்' என்று தட்டிப் பாருங்கள். 24எச்2 என்று காட்டினால், ஹோம் எடிஷனுக்கு அதே 2026 அக்டோபர் 13 தான் கடைசி நாள். அடுத்த பதிப்புக்கு நகர்ந்தாக வேண்டும்.

பழைய மெஷினுக்கு லினக்ஸ் சொன்னால் வீட்டில் முறைக்கிறார்கள். ஆனால் 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே வந்தது. ஸ்கூலில் அதை யாரும் திறக்கச் சொல்லித் தரவில்லை என்பது வேறு கதை. பிரௌசரும் மெயிலும் மட்டும் வேண்டுமென்றால் லினக்ஸ் மின்ட் போதும். டாலியும் கோரல்டிராவும் வேண்டுமென்றால் சரிப்படாது, ஏமாற்ற விரும்பவில்லை.

மெதுவாக ஓடுவது

சித்தப்பா கேட்ட அசல் கேள்விக்கு வருவோம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். 'டிஸ்க்' என்ற இடத்தில் எப்போதும் 100 சதவீதம் காட்டினால், உள்ளே இருப்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்கள். வேறு எந்த மாற்றமும் இந்த அளவுக்கு வித்தியாசம் காட்டாது. 'ஸ்டார்ட்அப்' பகுதியில் தேவையில்லாதவற்றை 'டிசேபிள்' செய்யுங்கள்.

அடுத்தது தூசி. எங்கள் வெயிலும், பிரஸ் தெருக்களின் பேப்பர் தூசியும் சேர்ந்து சி.பி.யு. ஃபேனைப் போர்வை போல மூடிவிடும். சூடு ஏறினால் புராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதை வைரஸ் என்று நினைத்து ஃபார்மேட் அடித்தவர்கள் உண்டு. கரண்டை அணைத்து, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதினாலே பாதி சரியாகிவிடும்.

'பிசி கிளீனர்', 'ரெஜிஸ்ட்ரி கிளீனர்' எதுவும் வேண்டாம். உலகப் புகழ்பெற்ற சிகிளீனரின் அதிகாரப்பூர்வ டவுன்லோடிலேயே 2017-ல் ஹேக்கர்கள் மால்வேர் சேர்த்துவிட்டார்கள், 22.7 லட்சம் பேர் அந்தப் பதிப்பை வைத்திருந்தார்கள். விண்டோஸுக்குள்ளேயே 'ஸ்டோரேஜ் சென்ஸ்' இருக்கிறது, அது போதும்.

பிரைஸ் லிஸ்ட் ஜாக்கிரதை

சீசனில் எங்கள் ஊரில் வாட்ஸ்அப்பில் அதிகம் பறப்பது பட்டாசு விலைப்பட்டியல்தான். யார் அனுப்பினாலும் திறந்துவிடுகிறோம். விண்டோஸ் வழக்கமாக ஃபைல் பெயரின் வால் பகுதியை மறைத்துவிடும். அதனால் 'பிரைஸ்லிஸ்ட் டாட் பி.டி.எஃப். டாட் ஈ.எக்ஸ்.ஈ.' என்று இருப்பது, பி.டி.எஃப். என்பதோடு முடிந்த மாதிரி தெரியும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் பண்ணிவிடுங்கள், வால் தெரிந்துவிடும். 2025 ஏப்ரலில், விண்டோஸுக்கான வாட்ஸ்அப்பிலேயே இதே மாதிரி ஓர் ஓட்டை இருந்ததை மெட்டா அறிவித்துச் சரிசெய்தது. படம் போலக் காட்டிவிட்டு, திறந்தால் வேறொன்றாக ஓடும் ஓட்டை. அதனால் வாட்ஸ்அப்பையும் அப்டேட் பண்ணுங்கள்.

"மைக்ரோசாஃப்ட்டிலிருந்து பேசுகிறோம், எனிடெஸ்க் போடுங்கள்" என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள், அவர்கள் அப்படிக் கூப்பிடுவதே இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அடிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ, பணத்தை வழியில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

செருகி, கழற்றி

கடைசியாக பேக்கப். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி, அதை எப்போதும் மெஷினிலேயே செருகி வைத்திருந்தால் ரேன்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். சித்தப்பாவிடம் பேக்கப் இருந்தது. டி டிரைவில்! அதே டிஸ்க்கின் இன்னொரு பாகம்.

இப்போது அவர் சனிக்கிழமை வேலை முடிந்ததும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துச் செருகி, அந்த வாரத்து டிசைன், டாலி பேக்கப் இரண்டையும் காப்பி போட்டுக் கழற்றி பீரோவில் வைக்கிறார். நடப்பு ஆர்டர்கள் மட்டும் ஆன்லைன் டிரைவிலும் ஏறும். டிசைன் மெஷின் ஒரிஜினல் விண்டோஸுக்கு மாறிவிட்டது. கோரல்டிராவுக்கும் சந்தா கட்டுகிறார், கட்டும்போதெல்லாம் திட்டுகிறார். பழைய பேஜ்மேக்கர் மெஷின் நெட் இல்லாமல் மூலையில் ஓடுகிறது.

பூட்டிக்கொண்ட அந்தப் பழைய டிஸ்க்கை அழிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ரேன்சம்வேர் கும்பல்கள் பிடிபடும்போது சாவிகள் வெளியே வந்த நிகழ்வுகள் உண்டு. யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' தளத்தில் அவை இலவசமாகக் கிடைக்கும். பூட்டிய ஃபைல் ஒன்றையும் அந்த ரீட்மீயையும் அங்கே ஏற்றினால் சாவி இருக்கிறதா என்று சொல்லிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றிப் பார்க்கிறோம். இதுவரை இல்லை.